விழுந்தபோது தெரியாத வலி, இரவில் ஏன் கூடுகிறது?
கத்திப்பாரா அருகே பைக்கிலிருந்து விழுந்தவருக்கு அப்போது வலிக்கவில்லை, இரவில்தான் தாங்க முடியவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காயமும் அதிர்ச்சியும் சேர்ந்த அந்த நிமிடங்களில் நடுமூளை, தண்டுவடத்துக்குத் தடைச் சமிக்ஞை அனுப்புகிறது. என்டார்ஃபின் போன்ற, உடலின் இயற்கை வலிநிவாரணிகள் சுரந்து வலிச் செய்தி மேலே போவதைக் குறைக்கின்றன. பதற்றம் அடங்கினால் இந்தத் தடை தளரும். காயத்தில் ஊறும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளோ நரம்பு முனைகளை இன்னும் கூர்மையாக்கும்.

அடுத்த கட்டம்தான் கவலைக்குரியது. வலிச் செய்தி ஓயாமல் வந்தால், தண்டுவட நரம்பணுக்களில் என்எம்டிஏ ஏற்பி என்ற வாயிலை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே பாயும். அந்த நரம்பணுக்கள் எளிதில் தூண்டப்படுவதால், பிறகு லேசாகத் தொட்டாலே வலிக்கும். தூக்கமின்மையும் நீண்ட மன அழுத்தமும் இதை மோசமாக்கும். 3 மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி. அதற்குச் சிகிச்சையே வேறு.

ஆகவே பல்லைக் கடித்துப் பொறுக்காமல் ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். விழுந்ததும் வலிக்கவில்லை என்பதற்காக எலும்பு முறியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.