கிழித்த புத்தகமும் திருத்திய குறிப்பும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 72. ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது எங்கள் விரிவுரையாளர் ஒரு தட்டச்சுத் தாள் கொடுத்தார். ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் கருத்துகள் அதில் இருந்தன. காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் குற்றவாளிகளாகிவிடுவார்கள் என்பது சாரம். முப்பது வருடம் பெற்றோர் கூட்டங்களில் அதைத்தான் எடுத்துச் சொன்னேன். 1987-இல் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் இருந்த காமிக்ஸைப் பிடுங்கி, வகுப்பின் முன்னால் கிழித்துப் போட்டேன். அவன் இன்று எங்கள் ஊரிலேயே மின்சாதனக் கடை வைத்திருக்கிறான். எதிரே பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்கிறான். ஊடகவியல் படிக்கும் என் பேத்தி, வெர்த்தம் குறிப்புகளைத் திரித்த பொய்யர் என்கிறாள். மறுவாரமே, கறுப்பின மக்களுக்குப் பெரும் தொண்டு செய்தவர் என்றும் அவளே சொல்கிறாள். இந்த மனிதரை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடட்டுமா?

– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, கிழிக்க வேண்டாம். உங்கள் பேத்தி சொன்ன இரண்டுமே உண்மை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் மனம் லேசாகும் என்று நினைக்கிறீர்கள். அப்படி லேசாக்கித் தர என்னால் முடியாது. ஆனால் அவர் எங்கே நன்றாக நடந்தார், எங்கே தவறினார் என்பதைச் சொன்னால், கடை வைத்திருக்கும் உங்கள் மாணவனைப் பற்றியும் ஒரு தெளிவு கிடைக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் வலிக்கிற இடம் அவன்தான் என்று எனக்குப் பட்டது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழில் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கப் பழகியதே அந்தப் புத்தகங்களில்தான். வெர்த்தம் என்ற பெயரைக் கேட்டாலே கொதிப்பவர்களில் ஒருவனாகப் பல வருடம் இருந்தேன். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் அவர் செய்ததைப் படித்த பிறகு அந்தக் கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

வெர்த்தம் 1895-இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1922-இல் அமெரிக்கா போனார். பின்னாளில் நியூயார்க்கில், நீதிமன்றத்துக்கு வரும் குற்றவாளிகளின் மனநிலையைப் பரிசோதிப்பது அவர் பணியாக இருந்தது. கறுப்பின ஏழைகளுக்கு அந்த நகரத்தில் மனநல சிகிச்சை ஏறக்குறைய எட்டாக்கனி. 1946-இல், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் போன்றவர்களின் துணையோடு, ஹார்லெமில் செயின்ட் ஃபிலிப்ஸ் தேவாலயத்தைச் சேர்ந்த கட்டடத்தின் நிலவறையில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். லஃபார்க் கிளினிக் என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள், மாலை நேரத்தில் மட்டும். மருத்துவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நோயாளிக்குக் கட்டணம் 25 சென்ட். அப்போது ஒரு காமிக்ஸ் 10 சென்ட்டுக்கு விற்றது. இரண்டரைக் காமிக்ஸ் விலைக்கு ஒரு மனநல மருத்துவர் எதிரே உட்கார்ந்து, நீங்கள் பேசுவதைக் கேட்பார். கறுப்பர், வெள்ளையர் யார் வந்தாலும் ஒரே வரிசைதான். அந்த நிலவறை பன்னிரண்டு வருடம், 1958 வரை இயங்கியது.

அங்கிருந்து விஷயம் நீதிமன்றத்துக்குப் போகிறது. டெலவேர் மாநிலத்தில் சாரா புலா என்ற கறுப்பினத் தாய் இருந்தார். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிய பள்ளிப் பஸ் தினமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் போகும். அவருடைய மகள் அதில் ஏற முடியாது. அம்மாதான் தினமும் காரில் கொண்டுபோய் விட வேண்டும். பஸ் கேட்டு எழுதினார், மறுத்துவிட்டார்கள். அது பள்ளிப் பிரிவினைக்கே எதிரான வழக்கானது. பள்ளியில் நிறம் பார்த்துப் பிரிப்பது குழந்தையின் மனதை என்ன செய்கிறது என்று மருத்துவ சாட்சியம் தேவைப்பட்டபோது வழக்கறிஞர்கள் தேடி வந்தது வெர்த்தமிடம். டெலவேரிலிருந்து கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஹார்லெமுக்கு வரவழைத்து, அந்த நிலவறையில் பேசவிட்டுக் கேட்டார்கள். 1951-இல் வெர்த்தம் சாட்சி சொன்னார். கட்டடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரித்துவைப்பதுதான் கேடு, அது இரு தரப்புக் குழந்தைகளையும் பாதிக்கிறது என்றார். 1952-இல் நீதிபதி காலின்ஸ் சைட்ஸ் கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளிகளில் உடனே சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவிட்டார். அந்த வழக்கும் சேர்ந்துதான் 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பானது.

இப்போது நாள்காட்டியைச் சற்றுப் பாருங்கள். அதே 1954, ஏப்ரல் மாதம், காமிக்ஸைச் சாடும் அவருடைய 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' புத்தகம் வெளிவருகிறது. உங்கள் தாளில் இருப்பது அதன் சாரமாகத்தான் இருக்க வேண்டும். வெளிவந்த அதே வாரத்தில் நியூயார்க்கில், சிறார் குற்றங்களை ஆராய்ந்த அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸைப் பற்றி விசாரணை நடத்துகிறது. காமிக்ஸ் தொழிலோடு ஒப்பிட்டால் ஹிட்லர் கற்றுக்குட்டி என்று அங்கே சாட்சி சொன்னார். ஜெர்மனியில் பிறந்த ஒரு யூதர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

அவர் சொன்னதில் சரியானவையும் இருந்தன. ஆப்பிரிக்கக் காட்டுக் கதைகளில் கறுப்பு மனிதன் எப்போதும் காட்டுமிராண்டி, வெள்ளைத் தோல் நாயகிதான் அவனை அடக்குபவள். இதைப் பார்த்து வளரும் குழந்தை யாரைக் கெட்டவன் என்று முடிவுசெய்யும் என்று கேட்டார். பின்பக்க விளம்பரங்களில் பிள்ளைகளுக்குக் கத்தியும் காற்றுத் துப்பாக்கியும் விற்றார்கள். வளரும் பெண்களின் உடல் கூச்சத்தைக் காசாக்கினார்கள். அதையும் எடுத்துக்காட்டினார். தலை வெட்டப்பட்ட பெண்ணின் படத்தை அட்டையில் போட்டு 10 சென்ட்டுக்குக் கடைவாசலில் தொங்கவிட்டவர்கள், குழந்தைகளைப் பற்றி யோசித்தா விற்றார்கள்? பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இவற்றை விற்கக் கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும் என்பதுதான் அவர் கோரிக்கை. பெரியவர்கள் எதைப் படித்தாலும் தடுக்க வேண்டாம் என்றார்.

பிறகு எங்கே தவறினார்? அவருடைய காகிதங்கள் அமெரிக்காவின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. 2010-இல்தான் அவை ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் ஆய்வாளர் கேரல் டில்லி அங்கே உட்கார்ந்து, கையெழுத்துக் குறிப்புகளையும் அச்சான புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். 2012-இல் தன் ஆய்வை வெளியிட்டார். உங்கள் பேத்தி படித்தது அதைப் பற்றித்தான்.

அதிலிருந்து இரண்டை மட்டும் சொல்கிறேன். பேட்மேனும் ராபினும் சேர்ந்து வாழ்வதைப் பார்த்து ஓர் இளைஞனுக்கு ஓரினச்சேர்க்கை ஆசை வந்ததாகப் புத்தகம் சொல்கிறது. குறிப்பில் இருப்பதோ இரண்டு பேர், 16 வயதும் 17 வயதும். ஏற்கெனவே சில வருடங்களாக ஒருவரோடு ஒருவர் உறவில் இருந்தவர்கள். தங்களுக்கு டார்ஜான், சப்மரைனர் என்ற வேறு காமிக்ஸ் நாயகர்களைத்தான் அதிகம் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். இருவரையும் ஒருவராக்கி, டார்ஜானை எடுத்துவிட்டு, பேட்மேனை மட்டும் வைத்துக்கொண்டார் வெர்த்தம். இன்னொன்று டோரதி, 13 வயதுப் பெண், பள்ளிக்கு மட்டம் போடுபவள். காரணம் காமிக்ஸ் என்று படும்படி எழுதினார். அவள் ஒரு கும்பலில் சேர்ந்திருந்தது, வீட்டை விட்டு ஓடிப்போனது, எழுத்துக்கூட்டி வாசிக்கவே அவளுக்குச் சிரமம் இருந்தது ஆகிய எதுவும் அச்சில் இல்லை.

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை பள்ளிக்கு ஏன் போகவில்லை என்பது, முப்பது வருடம் பாடம் எடுத்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டோரதி தன் கஷ்டத்தை ஒரு மருத்துவரிடம் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். புத்தகத்தில் அது இல்லை. டெலவேர் பிள்ளைகளின் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்ட காது அது. தான் ஏற்கெனவே முடிவுகட்டிய விஷயத்துக்கு வந்ததும், பிள்ளைகள் சொன்னதில் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டது. அவரை நான் மன்னிக்க முடியாமல் நிற்கும் இடம் இதுதான். எதிரிகளிடம் அவர் கடுமையாகப் பேசியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தன்னை நம்பிப் பேசிய பிள்ளைகளின் சொல்லை மாற்றியது பெரிதாகப் படுகிறது.

விசாரணையில் நடந்த ஒன்றும் இதே வகைதான். ஈ.சி. என்ற நிறுவனம் வெளியிட்ட ஒரு கதையில், அண்டை வீட்டு மெக்சிகோ இளைஞனைத் தன் மகள் காதலிப்பது பிடிக்காத தகப்பன், முகமூடிக் கும்பலைச் சேர்த்துக்கொண்டு இருட்டில் அவனை அடிக்கப் போகிறான். அடிபட்டுச் செத்துக் கிடப்பது அவன் மகள். இனவெறியின் முகத்தில் அறைவதற்கென்றே எழுதிய கதை. வெர்த்தம் அதிலிருந்த வசைச்சொல்லை மட்டும் சுட்டிக்காட்டி, இந்தப் புத்தகம் பிள்ளைகளுக்கு இனவெறுப்பைக் கற்றுக்கொடுக்கிறது என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ், அந்தக் கதை அதற்கு நேர் எதிரானது என்று அதே அவையில் எடுத்துச் சொன்னார். சொல்லி என்ன? கெய்ன்ஸைப் பற்றி எல்லோர் நினைவிலும் நின்றது, அவர் வெளியிட்ட அந்த வெட்டுப்பட்ட தலை அட்டைதான்.

அந்த ஆண்டே, சட்டம் வந்துவிடுமோ என்று பயந்த பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். அந்த விதிகளுக்கு உட்பட்டது என்ற முத்திரை அட்டையில் இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் தொட மாட்டார்கள். இதழ்கள் நின்றன, ஓவியர்கள் பிழைப்பை இழந்து வேறு வேலைக்குப் போனார்கள். இதற்கெல்லாம் வெர்த்தமைத்தான் திட்டுகிறார்கள். உண்மையில் அவர் இந்த முத்திரையை ஏற்கவே இல்லை. வெறும் கண்துடைப்பு என்றார். ஆனாலும் தீ மூட்டியவர், காற்று வேறு பக்கம் அடித்தது என்று சொல்லி முழுக்க ஒதுங்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

அந்த முத்திரை செய்த காரியம் ஒன்றைப் பேத்தியிடமும் சொல்லுங்கள். ஜோ ஆர்லாண்டோ வரைந்த பழைய கதை ஒன்றை ஈ.சி. 1956-இல் மறுபதிப்புச் செய்ய விரும்பியது. பூமியிலிருந்து ஒருவர் ரோபோக்களின் கிரகத்துக்குப் பார்வையிட வருகிறார். ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களை ஒதுக்கி வைத்திருக்கின்றன. மேல்தகட்டைத் தவிர உள்ளே எல்லாம் ஒன்றுதான். உங்கள் உலகம் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பின மனிதர். கரிய தோலில் வியர்வைத் துளிகள் தூரத்து நட்சத்திரங்கள் போல மின்னுகின்றன. முத்திரை அதிகாரி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். கெய்ன்ஸ் மாற்ற மறுத்து, அப்படியே அச்சிட்டார். அதுவே அந்த நிறுவனத்தின் கடைசி காமிக்ஸ் இதழ். சாரா புலாவின் மகளுக்காகச் சாட்சி சொன்னவர் கிளப்பிய புயலில் பிறந்த ஒரு முத்திரை, இந்தக் கடைசிக் கட்டத்தை அழிக்கப் பார்த்தது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1973-இல், காமிக்ஸ் ரசிகர்கள் தாங்களே நடத்தும் சிற்றிதழ்களைப் பாராட்டி ஒரு புத்தகம் எழுதினார் வெர்த்தம். ரசிகர்கள் அவரை மன்னிக்கவில்லை. 1981-இல் காலமானார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிலவறை மருத்துவமனையைக் காட்டி டோரதியின் கணக்கைத் தீர்க்க முடியாது. டோரதியைக் காட்டி நிலவறையை மூடவும் முடியாது. கூட்டிக் கழித்து நல்லவர், கெட்டவர் என்று ஒரு மதிப்பெண் போடும் வேலையை விட்டுவிடுங்கள். ஆசிரியராக இருந்தவருக்கு அது கடினம் என்று தெரியும். அந்தத் தாளின் பின்பக்கத்தில், டில்லி கண்டுபிடித்ததை நாலு வரி உங்கள் கையாலேயே எழுதிப் பேத்தியிடம் கொடுங்கள். அவள் படிப்புக்கு அது ஒரு நல்ல ஆவணம்.

உங்கள் மாணவன் விஷயம். மன்னிப்பு கேட்கலாமா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைத்தான் யோசிக்கிறீர்கள். கடையில் ஆள் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள். கையில் புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஈடுகட்ட வந்திருக்கிறார் என்று அவர் சங்கடப்படுவார். நடந்தது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கும். கிழித்தது தப்பு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பரவாயில்லை சார் என்பார், நாற்காலியைத் துடைத்துப் போடுவார், டீ வரவழைப்பார். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அன்று அந்தப் புத்தகத்தை நீங்கள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை அல்லவா? அதில் என்ன கதை இருந்தது, எந்தப் பக்கத்தில் இருந்தபோது பிடுங்கினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.