ரெய்ட் போட்டால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்திருந்த 300 கச்சேரி கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டேன். 1,200 சிடிக்களையும் ஃப்ளாக் (தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் வகை) கோப்புகளாக மாற்றிவிட்டேன். எல்லாம் இப்போது ஒரே யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியும் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி), கண்காணிப்பு கேமராவுக்குப் போடும் 8 டிபி டிஸ்க் நான்கும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். "டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ரெய்ட் 5 போட்டுத் தருகிறேன், ஒன்று கெட்டாலும் மற்றவை ஈடுகட்டும், தனியாக பேக்கப் எதற்கு?" என்கிறார். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நம்ப வேண்டாம். நாஸ் அடுத்த மாதம் வாங்கினாலும் குடி முழுகிப் போகாது. இன்றைக்கே 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று வாங்கி நகல் எடுங்கள், கேசட் ஃபோல்டரை முதலில். சிடி கெட்டுப்போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். 30 வருஷத்து நாடா இன்னொரு முறை ஓடுமா என்பது சந்தேகம்தான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிடி ஃப்ளாக்கில் 300 முதல் 400 எம்பி வரும். 1,200 சிடிக்கு அரை டிபி கூட ஆகாது. 90 நிமிடக் கேசட்டை 24 பிட் ஃப்ளாக்கில் ஏற்றியிருந்தாலும் சுமார் 1 ஜிபிதான். ஆக மொத்தம் முக்கால் டிபி. இதற்கு 32 டிபி டிஸ்க் விற்கப் பார்க்கிறார்! இரண்டு டிஸ்க் போடும் சிறிய பெட்டி, 4 டிபி டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஒன்றையே எழுதும் ரெய்ட் 1. அதுவே தாராளம்.

ரெய்ட் என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் பாட்டு நிற்காமல் ஓட ஒரு வழி, அவ்வளவுதான். நீங்கள் தவறிப்போய் அழித்த ஃபோல்டர் அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். பாட்டுத் தொகுப்புகளில் அடிக்கடி நடக்கும் விபத்து டிஸ்க் சாவதல்ல. டேக் திருத்தும் மென்பொருளில் 3,000 கோப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே ராகத்தின் பெயரைப் போட்டுவிடுவதுதான். அதற்கு ரெய்ட் உதவாது, கோப்புகள் முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப வைக்கும் ஸ்னாப்ஷாட் உதவும். எனவே பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையும் ஸ்னாப்ஷாட்டும் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். தினம் ஒன்று, 30 நாளைக்கு வைத்திருக்கும்படி அமைத்தால் போதும்.

டிஸ்க் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். கேமரா டிஸ்கில் போட்டால் பாட்டு பாழாகிவிடாது. ஆனால் நாஸுக்கென்றே செய்த டிஸ்க் கிடைக்கும்போது அது எதற்கு? கடையில் தேங்கிக் கிடக்கிறது, தள்ளிவிடுகிறார். சிஎம்ஆர் வகை (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) டிஸ்க்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். சீகேட் அயர்ன்வுல்ஃப் அல்லது டபிள்யூடி ரெட் பிளஸ் வாங்கலாம். வெறும் 'ரெட்' வேண்டாம். 2 முதல் 6 டிபி வரையிலான அந்த மாடல்கள் எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை) என்பது 2020-இல் வெளியே வந்தது. டிஸ்க் மாற்றி ரெய்டை மறுபடி கட்டும்போது அவை ஆமையாகிவிடும்.

பழைய டிஸ்கைப் புதிதென்று விற்பதும் உண்டு. வாங்கியவுடன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்தக் கணக்கையும் அழித்து விற்கிறார்கள். அப்படி விற்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமாயின. சீகேட்டில் ஃபார்ம் என்ற உள்பதிவு ஒன்று தனியாக இருக்கிறது, ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் 7.4 பதிப்பு முதல் அதைப் படித்துக் காட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

"பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். பில் வேண்டும், அதில் சீரியல் எண்ணும் வேண்டும். கடையில் நிற்கும்போதே அந்த எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பாருங்கள். இருந்தாலும்தான் என்ன? மூன்று வருஷ வாரண்டியில் பெரும்பாலும் பழுதுபார்த்த டிஸ்க்தான் திரும்பி வரும். உள்ளே இருந்த பாட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. இதைச் சொல்லவே சர்வீஸ் சென்டரில் டோக்கன் போட்டு உட்கார வைப்பார்கள்.

கரண்ட்டுக்கு 600 விஏ யுபிஎஸ் போதும், ஆனால் யுஎஸ்பி போர்ட் உள்ளதாக வாங்குங்கள். மலிவான யுபிஎஸ்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. அது இல்லாவிட்டால் கரண்ட் போன செய்தி பெட்டிக்குப் போய்ச் சேராது, பேட்டரி தீர்ந்ததும் எழுதிக்கொண்டிருந்தபடியே அணைந்துவிடும்.

பெட்டியை மாட்ட வரும் பையன் "வெளியூரிலிருந்தும் கேட்கலாம் சார்" என்று ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிடுவான். மூடச் சொல்லுங்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற வைரஸ், இப்படி இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளில் நுழைந்து கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்டது.

பாட்டு ஃபோல்டருக்குக் குறியாக்கமும் (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றுவது) வேண்டாம். கல்யாணியைத் திருடி யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. குடும்பப் பத்திரங்களும் அதே பெட்டியில் இருந்தால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் போடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சினாலஜி நிறுவன நாஸ் பெட்டிகளில் குறியாக்கம் செய்த பகிர்வு ஃபோல்டரில் ஒரு கோப்பின் பெயர் 143 பைட்டுக்குமேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். 'கல்யாணி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி, 21 பைட். 'ராகம் தானம் பல்லவி, தோடி, ஆதி தாளம்' என்பதற்கே 80 பைட்டுக்குமேல் ஆகிறது. பாடகர், சபா, வருஷம் சேர்த்தால் வரம்பு தாண்டி, நகலெடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் நின்றுவிடும். சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2-இல் வந்த முழு வால்யூம் (சேமிப்புப் பகுதி முழுவதற்குமான) குறியாக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. சாதாரண ஃபோல்டரில் 255 பைட் வரை இடமுண்டு.

இனி பேக்கப். போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு. ஒன்றை வாரம் ஒருமுறை பெட்டியில் செருகி நகல் எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள், செருகியே வைத்தால் வைரஸும் இடியும் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். மற்றொன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். கோப்புகளை உள்ளபடியே எடுங்கள், எந்தக் கணினியில் செருகினாலும் பாட வேண்டும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் தெரிவை எடுத்துவிடுங்கள். கேசட் ஃபோல்டர் 300 ஜிபிதான், அதை மட்டும் கிளவுடிலும் ஏற்றலாம். நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு இருந்தால் ஒன்றரை நாள் ஆகும்.

ஃப்ளாக் கோப்பின் உள்ளேயே ஒலிக்கான எம்டி5 சரிபார்ப்பு எண் இருக்கிறது, எம்பி3-யில் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளின் சரிபார்ப்புக் கருவியை நகலின்மேல் ஓட்டுங்கள். கெட்ட கோப்பு இருந்தால் பெயரோடு காட்டிக்கொடுக்கும். நாஸில் உள்ளதும் போர்ட்டபிள் டிஸ்க் இரண்டில் உள்ளதுமாக மூன்று நகலும் ஒருமுறையாவது இந்தச் சோதனையில் தேறும் வரை பழைய கேசட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.