காம்பவுண்டைக் கழற்றியது ஊதாரித்தனமா?

கேள்வி: ஒரே நீராவியை இரண்டு முறை வேலை வாங்கும் காம்பவுண்ட் எஞ்சின்தான் சிக்கனமானது. நம் ஊட்டி ரயிலின் எக்ஸ் கிளாஸ் இன்றும் அப்படித்தான் மலையேறுகிறது. ஆனால் அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் ரயில்வே, நன்றாக இருந்த மாலே எஞ்சின்களை (இரண்டு சக்கரத் தொகுதி கொண்ட காம்பவுண்ட்) பிரித்துப் போட்டு, எல்லா சிலிண்டருக்கும் பாய்லர் நீராவியை நேராக விடும் சிம்பிள் எஞ்சின்களாக மாற்றிக்கொண்டது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த கொழுப்புதானே? ‘பிக் பாய்’ என்ற உலகின் மிகப் பெரிய மாலேயை ஓட்டிய நாடு இப்படிச் செய்யலாமா?
— வாசகர், பொன்மலை

பதில்: விடையை மடியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறீர்கள். எக்ஸ் கிளாஸ் பல்சக்கரப் பாதையில் என்ன வேகத்தில் ஏறுகிறது? மணிக்குச் சுமார் 13 கி.மீ. அதுவும் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் காம்பவுண்ட். பல் தண்டவாளம் முடிந்ததும் பல்சக்கரத்தைச் சுழற்றும் சிலிண்டர்களுக்கு ஓய்வு; மீதித் தூரம் அது சிம்பிள் எஞ்சின்தான். ஆமை வேகத்தில் காம்பவுண்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேகம் கேட்டால்தான் வம்பு.

சதர்ன் பசிபிக்கின் கதையும் அதுவே. 1909இல் சியரா நெவாடா மலைப்பாதைக்காக பால்ட்வின் கம்பெனியிடம் வாங்கிய 2-8-8-2 (சக்கர வரிசையைச் சொல்லும் எண்) எஞ்சின்களில் பின் ஜோடி உயரழுத்த சிலிண்டர்களின் விட்டம் 26 அங்குலம், முன் ஜோடி தாழ்வழுத்த சிலிண்டர்களின் விட்டம் 40 அங்குலம் (‘முன்’ என்று நான் சொல்வது புகைபோக்கிப் பக்கம்). உள்ளே ஒரு நாலு வயதுப் பிள்ளை நிமிர்ந்து நிற்கலாம். பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 30 அங்குலம், சக்கரம் 57 அங்குலம். இனி நீங்களே கணக்குப் போடுங்கள். மணிக்கு 25 மைலில் சக்கரம் நிமிடத்துக்கு 147 சுற்று சுற்றும். அப்போது ஒவ்வொரு தாழ்வழுத்த சிலிண்டரும் நொடிக்கு ஐந்து தடவை, தடவைக்குச் சுமார் 600 லிட்டர் நீராவியை வெளியே தள்ளியாக வேண்டும். அந்தக் காலத்து வால்வும் குழாயும் அதற்குப் போதவில்லை. வெளியேற முடியாத நீராவி பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும். இரண்டாம் முறை வாங்கிய வேலையை எதிரழுத்தம் தின்றுவிடும். பாறாங்கல் மாதிரி கனத்த பிஸ்டன்கள் முன்னும் பின்னும் ஆடித் தண்டவாளத்தை அடிப்பது தனி. மலைப்பாதையில் ஒரு சரக்கு ரயில் ஊர்ந்தால் பின்னால் வரும் அத்தனை ரயிலும் காத்துக்கிடக்கும். மிச்சமான எண்ணெயை வைத்து அந்த நேரத்தைத் திருப்பி வாங்க முடியாது.

அதனால் 1920களிலும் 30களிலும் தன் பணிமனைகளில் ஒவ்வொன்றாக மாற்றியது. 26, 40 இரண்டும் போய் நான்கு சிலிண்டரும் 22 அங்குலம் ஆயின. 1909 எஞ்சின்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டிலிருந்து 210 ஆனது. இழுவிசை சுமார் 85,000 பவுண்டிலிருந்து 90,940 ஆனது. இந்த எண்களைப் பார்த்து அலட்சியப்படுத்தாதீர்கள். ஆதாயம் இழுவிசையில் இல்லை. அதே இழுவையை வேகம் கூடும்போதும் ஓரளவு தாங்கிப் பிடித்ததில் இருக்கிறது.

எளிதாக முடிந்த வேலையும் அல்ல. இந்த எஞ்சின்களில் பாய்லர் பின் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். முன் சட்டம் கீலில் மாட்டிய கதவுபோல வளைவில் இடமும் வலமும் திரும்பும். காம்பவுண்டில் முழு அழுத்த நீராவி அசையாத பின் ஜோடிக்குத்தான் போகும். அசையும் முன் ஜோடிக்குப் போவது ஒருமுறை வேலை செய்து களைத்த நீராவி. மூட்டு கொஞ்சம் கசிந்தாலும் பெரிய நஷ்டமில்லை. சிம்பிளில் 210 பவுண்டு நீராவி அப்படியே அந்த ஆடும் சட்டத்துக்குப் போயாக வேண்டும். திரும்புவதற்கு ஒரு பந்து மூட்டு, நீள்வதற்கு ஒரு சறுக்கு மூட்டு, இரண்டிலும் கசிவை அடைக்க வெப்பத்தில் கருகாத பாக்கிங். பாக்கிங் தேய்ந்தால் காசு ஆவியாகப் போகும். வெளியேற்றுக் குழாய் புகைப்பெட்டிக்குள் நுழையும் மூட்டு இன்னும் பொல்லாதது. அங்கே இடைவெளி விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், நெருப்பை ஊதிவிடும் காற்றிழுப்பு குறையும், நெருப்பு மந்தமாகும். ஓட்டுநர் பர்னரைத் திட்டிக்கொண்டிருப்பார்; கோளாறு எஞ்சினின் மறுகோடியில் இருக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு. காம்பவுண்டில் முன் சக்கரங்கள் வழுக்கினால் இரு ஜோடிகளையும் இணைக்கும் நடுக்குழாயில் நீராவி வற்றி அவை தாமாக அடங்கும். பின் சக்கரங்கள் வழுக்கினால் அதே குழாய் நிரம்பி எதிரழுத்தத்தால் அடங்கும். சிம்பிளில் இந்தத் தானடக்கம் கிடையாது. நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடும்வரை சக்கரம் வெறியாட்டம் போடும்.

எண்ணெய்க் கொழுப்பு என்றீர்களே, எண்ணெய் இல்லாமல் அங்கே வேலையே நடந்திருக்காது. பனி விழாமல் பாதைமேல் போட்ட பனிக்கூரைகளுக்குள் புகை தாங்காமல் ஓட்டுநர் அறையை முன்னால் கொண்டுவந்தார்கள். கடைசியில் இருக்கும் எரிபொருள் வண்டியான டெண்டரிலிருந்து அத்தனை தூரம் நிலக்கரியை வாரிப்போட முடியாது. டெண்டரில் 5 பவுண்டு அழுத்தம் கொடுத்து எண்ணெயை முன்னே தள்ளினார்கள்.

உங்கள் வாதத்தை மொத்தமாகக் கவிழ்ப்பது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். தன் பாதையோரத்திலேயே வெட்டியெடுத்த நிலக்கரியை எரித்த ரயில்வே அது. எரிபொருள் மலிவானால் காம்பவுண்டைக் கைவிடுவார்கள் என்றால், முதலில் கைவிட்டிருக்க வேண்டியது அதுதான். அதுவோ 39 அங்குல தாழ்வழுத்த சிலிண்டரோடு ஒய்-6 எஞ்சின்களை ரோனோக் பணிமனையில் 1952 வரை கட்டி 1960 வரை ஓட்டியது. 300 பவுண்டு அழுத்தம், அகலமான நீராவி வழிகள், ஒரே வார்ப்பில் எஃகுச் சட்டம், ரோலர் பேரிங். நீராவி தாராளமாக வெளியேற வழிவிட்டதும் காம்பவுண்டும் ஓடிக் காட்டியது. 1909 எஞ்சினின் சிலிண்டர் வார்ப்புக்குள் அந்த அகலத்தைப் பிறகு குடைந்து எடுக்க முடியாது. சதர்ன் பசிபிக் காம்பவுண்டைத் தூக்கிப் போட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

கடைசியாக, பிக் பாய் மாலே அல்ல. அனத்தோல் மாலே 1884இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டில் கீல் பாதி, காம்பவுண்ட் பாதி. பிக் பாயில் கீல் மட்டும் இருக்கிறது. நான்கு சிலிண்டரும் 23¾ அங்குலம், நான்குக்கும் பாய்லரிலிருந்து நேரடி நீராவி. சதர்ன் பசிபிக்கின் குமாஸ்தாக்களுக்கு இது தெரிந்திருந்தது. எம்.சி. என்று பதிவேட்டில் இருந்த எஞ்சின் மாற்றம் முடிந்து பணிமனையை விட்டு வெளியே வந்தபோது, மாலேயைக் குறித்த ‘எம்’மை அடித்துவிட்டு ஏ.சி. என்று எழுதினார்கள்.