தோழிகள் கிண்டல் செய்வதால் கணக்கை ஒளித்துவைக்கும் மகளுக்கு எப்படி உதவுவது?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால் தோழிகள் 'படிப்ஸ்' என்று கிண்டல் செய்வதால், விடை தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்குவதில்லை. என்ன செய்யலாம்?

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். உங்கள் மகளுக்குக் கணக்குக் கசந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் இப்படிப்பட்ட பிள்ளை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் விடையைப் போட்டிருக்கும். பக்கத்தில் போனால் உள்ளங்கையால் மூடிக்கொள்ளும். இந்த வயதில் தோழிகள்தான் உலகம். அவர்களோடு ஒட்டி இருக்கத்தான் இதை மறைக்கிறாள். "தைரியமா கை தூக்கு" என்று விரட்டினால் இன்னும் சுருங்கிப் போவாள்.

கிண்டலைவிட எனக்கு உறுத்துவது வேறு. படிப்ஸ் என்று சொல்கிற அதே வாய்தான் காலையில் வீட்டுப்பாட நோட்டையும் கேட்கும். கொடுத்தால் உள்ளுக்குள் புழுக்கம். கொடுக்காவிட்டால் "ரொம்பத்தான் பண்றா" என்று பெயர். "நோட்டு வேணாம், வா, சேர்ந்து போடலாம்" என்று அவள் சொல்லிப் பார்க்கட்டும். யார் வந்து உட்காருகிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இடைவேளைக்கு ஒரு விளையாட்டும் சொல்லிக் கொடுங்கள். இருவர் மாறி மாறி 1 முதல் எண்ண வேண்டும். ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எண்கள் சொல்லலாம். 21 சொல்கிறவர் அவுட். எதிராளியை முதலில் தொடங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் 4, 8, 12, 16, 20 என்று நிறுத்தினால் தோற்கவே முடியாது. இதை அவளே கண்டுபிடிக்க விடுங்கள். நாலு தடவை தோற்ற தோழி "எப்படிடி?" என்று தானாக வந்து கேட்பாள். மார்க் நுழையாத இடத்தில் கணக்கு யாருக்கும் அந்நியமாகத் தெரிவதில்லை.

கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய முதல் பெண் மரியம் மிர்சாகானி (2014) இந்த வயதில் ஒரு வருடம் கணக்கில் சுமார்தான். அவருக்குத் திறமை இருப்பதாக ஆசிரியர் நினைக்கவில்லை. அவருக்கும் ஆர்வம் விட்டுப்போனது. அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வந்து ஊக்கம் கொடுத்ததும் நிலைமை மாறியது. ஆனால் நான் பெற்றோரிடம் எப்போதும் சொல்வது அவருடைய பள்ளித் தோழி ரோயா பெஹெஷ்டியைப் பற்றித்தான். இருவரும் 1994இல் ஈரான் அணியில் சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்குப் போனார்கள். ரோயாவும் பிறகு கணிதப் பேராசிரியர் ஆனார். வகுப்பு முழுவதும் மெச்ச வேண்டியதில்லை, அப்படி ஒருத்தி கிடைத்தால் போதும். அவள் வேறு செக்ஷனிலோ ஒரு வகுப்பு மேலேயோ இருக்கலாம்.

அப்புறம், வீடு. சொந்தக்காரர்கள் முன்னால் "எங்க பொண்ணு கணக்குல புலி" என்று சொல்வதை நிறுத்துங்கள். அந்தப் பெயர் வந்தபின் 92 எடுத்தாலே முகம் தொங்கிவிடும். மார்க்கை விடுங்கள், "இன்னைக்கு எந்தக் கணக்கு மாட்டிக்கிச்சு?" என்று கேளுங்கள். போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு அவளாகக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

கணக்கு ஆசிரியரையும் தனியாகப் பாருங்கள். எல்லார் முன்னாலும் "இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டாம், பாராட்டை நோட்டிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.