நர்சம்மா பதில்கள்: சாவி யாரிடம்?

கேள்வி: எங்கள் தெருவுக்குக் கல்லூரி மாணவர்கள் வந்து, ‘மீள்திறனும் நல்வாழ்வும்’ என்று, அதாவது கஷ்டம் வந்தால் தெரு எப்படித் தாங்கி எழும், ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று, வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எங்கள் கிராஸுக்கு (குறுக்குத் தெருவுக்கு) நூற்றுக்கு 58, அடுத்த கிராஸுக்கு 71 என்று சங்கக் கூட்டத்தில் வாசித்து, பலகையிலும் எழுதினார்கள். அன்றிலிருந்து இரண்டு கிராஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்த மார்க்கை நம்பலாமா அம்மா?
- ஒரு வாசகி, லிங்கராஜபுரம்

பதில்: மார்க் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றால், அதற்கே இரண்டு கிராஸுக்கும் பத்துப் பத்து குறைக்கலாம்!

நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். சொந்த வீடா, சம்ப் எத்தனை லிட்டர், பட்டதாரிகள் எத்தனை பேர், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இன்ஷூரன்ஸ் உண்டா... எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண். தப்பில்லை, பல நாடுகளில் இப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் எதற்கு எத்தனை மார்க் என்பதை யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார். சம்ப்புக்குப் பத்து மார்க் வைத்தால் அடுத்த கிராஸ் ஜெயிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் ஆட்டோ எடுக்கிற ஆள் தெருவில் உண்டா என்பதற்குப் பத்து வைத்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். ஆட்டோக்காரர்கள் உங்கள் கிராஸில்தான் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மத்திய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட, வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களில் நம் பெங்களூரு முதலிடம், சென்னை நாலாவது இடம். அங்கே இருக்கும் என் நாத்தனாருக்கு போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து, 2024 கோடையில், இங்கே அரசு போர்வெல்களில் ஏறத்தாழ பாதி வற்றியது. குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாட்டர் போர்டு அறிவித்தது. அன்று அவள் போன் போட்டாள். “என்ன அண்ணி, முதல் பரிசு வாங்கின ஊர்ல இன்னைக்குக் குளிச்சாச்சா?”

அந்தக் கோடையில் மர்ஃபி டவுனில் நான் பார்த்தது இது. மாடி வீடுகள் உள்ள ஒரு தெருவில் ஆளாளுக்குத் தனி டேங்கர் சொன்னார்கள். யார் லாரி முதலில் உள்ளே வருவது என்று கைகலப்பு வரை போனது. அதற்குப் பின்னால் ஒரு சந்து, இருபது வீட்டுக்கு ஒரே குழாய். அங்கே பெண்கள் கூடி வீட்டுக்கு ஆறு குடம் என்று முறை வைத்தார்கள். கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு எட்டு. சுவரில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைத்தார்கள், ஒரு வார்த்தை தடித்துப் போகவில்லை. உங்கள் கேள்வித்தாளைக் கொண்டுபோனால் அந்தச் சந்துக்கு 30 மார்க்கூடத் தேறாது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் சிகாகோவில் 1995 ஜூலையில் கடும் வெயில் அடித்தது. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாகச் செத்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த வயசானவர்கள். எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழைகள் உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. வடக்கு லாண்டேலில் சாவு விகிதம் தெற்கு லாண்டேலைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு! தெற்கில் கடை கண்ணி திறந்திருந்தது, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது. கிழவி வெளியே வந்தாள், வராத அன்று யாராவது கவனித்தார்கள். வடக்கில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் போய், தெரு காலியாகிவிட்டதால் வயசானவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வருமானத்தை மட்டும் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

அப்படியானால் எதைக் கேட்பது? அதே சிகாகோவில் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வு 1997-ல் வெளிவந்தது. அதில் இருந்த கேள்விகள் எனக்குப் பிடித்தவை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பையன்கள் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? வாசலில் அடிதடி நடந்தால் விலக்க வருவார்களா? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றால் ஒன்றுசேர்வார்களா? ஆம் என்று அதிகம் பேர் சொன்ன பகுதிகளில், ஏழ்மையைக் கணக்கில் கழித்த பிறகும், வன்முறை குறைவாக இருந்தது.

நம் ஊருக்கு இதிலும் ஒரு திருத்தம் வேண்டும். 31 வருஷம் நான் வீடு வீடாக ஏறி இறங்கியவள். “அக்கம்பக்கம் எப்படி?” என்று கேட்டால் நம் ஜனங்கள் வாய் நிறைய “நல்லா பழகுவாங்கம்மா” என்பார்கள். அந்த நல்ல பழக்கத்தில் போன வாரம் போலீஸ் வந்து போயிருக்கும். அதனால் நான் அபிப்பிராயம் கேட்கமாட்டேன், நடந்ததைக் கேட்பேன். “போன தடவை ஊருக்குப் போனப்ப சாவியை யார்கிட்ட குடுத்தீங்க?” சாவி கொடுத்தவருக்கு ஒரு பெயர் வரும். கொடுக்காதவர் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனைதான் பதில்.

சரி, சண்டைக்கு வருவோம். இரண்டு எண்களையும் பலகையிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் உங்கள் கிராஸை உங்கள் கிராஸோடேயே ஒப்பிடுங்கள், அதுவும் அதே மாதத்தில். கோடையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை எடுத்தால் தெரு மாறியதா, வானிலை மாறியதா என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: ஏழு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். இதேபோல ஒரு கணக்கெடுப்பில் எங்கள் தெருவுக்கு ‘மிக ஒற்றுமையானது’ என்று பெயர் வந்தது. என்னை யாரும் கேட்கவே இல்லை. மாடி அறையில் இருக்கும் மணிப்பூர்ப் பிள்ளைகளையும் கேட்கவில்லை. சங்கத்தில் கேட்டால் “ஓனர்களை மட்டும்தான் கேட்டோம்” என்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், நீலசந்திரா

பதில்: ஓனர்களை மட்டும் கேட்டால் ஒற்றுமைக்கு என்ன குறை, எல்லோரும் சேர்ந்துதானே அட்வான்ஸை ஏற்றுகிறார்கள்!

விளையாட்டு இல்லை. ஒற்றுமையில் இரண்டு வகை உண்டு, இதைக் கணக்கெடுப்பவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரே ஜாதி, ஒரே மொழி, ஒரே வசதி உள்ளவர்கள் நெருக்கமாக இருப்பது. இன்னொன்று, வேற்று ஆளிடம் போய்வரும் பழக்கம். முதலாவது எக்கச்சக்கமாக இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் ஆபத்து நேரத்தில் வேலியாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஆய்வு செய்த டேனியல் ஆல்ட்ரிச் இதைத்தான் பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த மீனவ கிராமங்களுக்கு நிவாரணம் சீக்கிரம் வந்தது. ஆனால் பஞ்சாயத்துப் பட்டியலில் இல்லாத தலித்துகளும் தனித்திருந்த பெண்களும் பல இடங்களில் விடுபட்டுப் போனார்கள். அந்த ஊர்களையும் யாராவது அளந்திருந்தால் ‘மிக ஒற்றுமையானது’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1991 டிசம்பர், காவிரிக் கலவரம். அன்று எங்கள் தெருவில் தமிழர்களுக்கு ஒற்றுமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே படகில் இருந்தோம், யார் யாரைத் தூக்கிவிடுவது? எங்களை இரண்டு ராத்திரி சமையலறையில் வைத்துக் காப்பாற்றியது எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா. வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு, வாசல் திண்ணையில் அரிசி புடைப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அந்த உறவு எதில் ஆரம்பித்தது தெரியுமா? அவர் பேரனுக்கு நான் ஊசி போட்டதில். பிள்ளை அழாதபடி போட்டேன் என்று அவருக்கு என்மேல் அப்படி ஒரு மரியாதை!

இந்த ஊருக்கு அந்தப் பழக்கம் புதிதும் இல்லை. பெங்களூரு கரகத் திருவிழா ஊர்வலம் வருஷாவருஷம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய்விட்டுத்தானே வருகிறது? ஆகவே, அடுத்த முறை கணக்கெடுப்புக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள்: ‘உங்கள் மொழி பேசாத எத்தனை பேரின் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது? கடைசியாக எப்போது பேசினீர்கள்?’ கேட்க வேண்டியவர்கள் பட்டியலை ஓனர் சங்கத்திடம் வாங்க வேண்டாம். கரண்ட் மீட்டரை எண்ணினால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், மணிப்பூர்ப் பிள்ளைகள் மாடியில்தானே இருக்கிறார்கள்? ஏழு வருஷத்தில் நீங்களாவது ஏறிப் போயிருக்கிறீர்களா?

கேள்வி: நல்வாழ்வை எப்படி அம்மா அளப்பது? சந்தோஷத்துக்கு ஸ்கேல் உண்டா?
- கல்லூரி மாணவர், கம்மனஹள்ளி

பதில்: உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வரிக் கேள்வித்தாள் நீங்கள் எடுத்துப்போக வசதியானது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, விழிக்கும்போது களைப்பு தீர்ந்திருந்ததா, அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 25, நாலால் பெருக்கினால் நூற்றுக்கு. அந்த 25-ல் 13-க்குக் கீழே போனால் மனச்சோர்வு உண்டா என்று மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதுவே நோய் என்று அர்த்தமில்லை, அந்த வேலையை டாக்டரிடம் விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மருமகள் பக்கத்தில் நின்றால் மாமியாருக்கு 25, மாமியார் நின்றால் மருமகளுக்கு 25. தனியாகக் கேளுங்கள். நான் துணி காயப்போடும் மாடியில்தான் கேட்பேன். களைப்புக் கேள்விக்குப் பெண்கள் சொல்லும் பதிலை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் ராத்திரியில் வரும் தெருவில் அது சட்டென்று இறங்கும். அதற்கு மனநல ஆலோசகரைக் கூப்பிடுவதைவிட வாட்டர் போர்டுக்கு மனு எழுதுவது உத்தமம்.

கேள்வி: அளந்து முடித்து என்ன ஆகப்போகிறது? ரிப்போர்ட் பீரோவுக்குப் போகும், நாம் அப்படியே இருப்போம்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீராமபுரம்

பதில்: சார், போலியோ சொட்டு மருந்து நாட்களில் நாங்கள் சுவரில் சாக்பீஸால் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? எல்லாக் குழந்தைக்கும் போட்டுவிட்டால் ‘பி’. வீடு பூட்டியிருந்தாலோ, வேண்டாம் என்றாலோ ‘எக்ஸ்’. எத்தனை ‘பி’ என்று மேலதிகாரிகள் பெருமைப்படலாம், எங்களுக்கு வேலை ‘எக்ஸ்’ வீட்டில்தான். மறுநாள் போவோம், அதற்கு மறுநாளும் போவோம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் யாருக்கும் வரவில்லை.

அதே கணக்கை எங்கள் தெருவில் வைத்தேன். 44 வீடு. ஸ்த்ரீ சக்தி என்ற மகளிர் சுயஉதவிச் சங்கத்துப் பெண்கள் மூன்று பேர் கூட வந்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: “திடீர்னு முடியாம போனா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?” 39 வீட்டில் பெயர் சொன்னார்கள். ஐந்து வீட்டில் சொல்லவில்லை. சராசரியை யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. ஐந்தில் இரண்டு வீட்டுக்குப் பால் பாக்கெட் போடும் பையனிடம் சொல்லி வைத்தோம், முந்தின நாள் பாக்கெட் அப்படியே கிடந்தால் மணி அடிக்க வேண்டும். ஒரு வீட்டுத் தாத்தா, “என் வீட்டு மணியை எவனும் அடிக்க வேண்டாம்” என்று கத்தினார். இப்போது தினமும் காலையில் அவரே பால் வாங்கும் சாக்கில் பையனிடம் அரைமணி நேரம் அரசியல் பேசுகிறார். பால்தான் மற்ற வீடுகளுக்கு லேட்டாகிறது.

மிச்சம் மூன்று வீட்டில் ஒன்றுக்கு இன்னும் வழி தெரியவில்லை. போய்க்கொண்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் கவனம் சார். யார் வீட்டில் ஆள் தனியாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் திருடனுக்கும் பயன்படும். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், சங்கப் பலகையில் ஒட்டவும் வேண்டாம். ஒரே நோட்டு, இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இடம். என் நோட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று இங்கே எழுதப் போனேன், அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்தப் பத்திரிகையை எங்கள் தெருவிலும் படிக்கிறார்கள்.