மேஜைப் போர்க்களம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேஜைமேல் போர் விளையாட நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை வேண்டும் என்று 28 மி.மீ. உயரப் பிளாஸ்டிக் வீரர்கள் ஒரு பெட்டி வாங்கினேன். ஆறு பேருக்குப் பெயின்ட் அடிக்கவே ஒரு மாதம் ஓடிவிட்டது. கண் இமை வரைக்கும் வரைந்தேன். மீதிப் பெட்டியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடவே விடாதீர்கள். அந்த ஆறு பேரும் அழகாகத்தான் இருப்பார்கள். ஆனால் நீங்கள் ஆறு தனி ஆட்களைத் தீட்டியிருக்கிறீர்கள், உங்களுக்கு வேண்டியது ஒரு பட்டாலியன், அதாவது சேர்ந்து நிற்கும் ஒரு படைப்பிரிவு. ஆடும்போது வீரர்களைக் கைநீளத் தூரத்திலிருந்து, அதுவும் மேலிருந்து பார்க்கிறோம். அங்கிருந்து தெரிவது தொப்பி, தோள், முதுகுப்பை, மார்பில் குறுக்கே போகும் வெள்ளை வார், கொடி, காலடித் தரை. உழைப்பை அங்கே போடுங்கள். முகத்துக்குத் தோல் நிறம், அதன்மேல் பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் நீர்த்த பழுப்பு வாஷ், மூக்கிலும் கன்னத்திலும் மறுபடி தோல் நிறம் ஒரு தொடு. போதும்.

அடுத்து, ஆள் ஆளாக முடிக்காமல் நிறம் நிறமாக முடியுங்கள். எட்டு அல்லது பன்னிரண்டு பேரை ஒரு குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொள்ளுங்கள். வார்ப்பின் ஓரக்கோடுகளைக் கத்தியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் பெயின்ட் ஒட்டுவதற்கான அடிப்பூச்சை (பிரைமர்) அடியுங்கள். அப்புறம் வீரன் உடை உடுத்திய வரிசையிலேயே போங்கள்: தோல், கால்சட்டை, மேல்கோட்டு, வார், பை, துப்பாக்கி. உள்ளே இருப்பதை முதலில் அடித்தால், பிரஷ் வெளியே வழுக்கினாலும் அடுத்து வரும் நிறம் அதை மூடிவிடும். பெயின்ட்டைத் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். கெட்டியாக ஒரே தடவை பூசினால் முக அமைப்பும் பொத்தானும் புதைந்துபோகும்.

பிரெஞ்சுக் கோட்டின் நீலம் நிஜத்தில் கறுப்பை ஒட்டிய அடர் நீலம். அதை அப்படியே 28 மி.மீ. ஆளின்மேல் பூசினால் கறுப்பாகத்தான் தெரியும். இரண்டு படி வெளிர் நீலமாக எடுங்கள், சரியாகத் தோன்றும்.

இன்னொன்று சொல்கிறேன், இது உங்களை உட்காரவைத்து வேலை வாங்கும். 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுப் பட்டாலியனுக்கு ஆறு கம்பெனிகள்: பொறுக்கியெடுத்த வீரர்களின் கிரனேடியர் ஒன்று, முன்னே பரவிச் சென்று சுடும் வோல்டிஜர் ஒன்று, சாதாரணக் காலாட்களின் ஃப்யூசிலியர் நான்கு. ஒரு கம்பெனிக்கு 140 பேர் என்பது கணக்கு. மேஜையில் 24 பேரை வைத்தால் கம்பெனிக்கு நான்கு பேர். கிரனேடியருக்குச் சிவப்புத் தோளணி. ஃப்யூசிலியர் தொப்பியின் குஞ்சத்தில் முதல் கம்பெனிக்கு அடர் பச்சை, இரண்டாவதுக்கு வான் நீலம், மூன்றாவதுக்கு ஆரஞ்சு, நான்காவதுக்கு ஊதா. ஒரு புள்ளிப் பெயின்ட்தான். ஆனால் அந்த நான்கு புள்ளிகளை வைத்ததும் கூட்டம் படையாகிவிடும். உங்கள் ஆறு பேரை அதிகாரியாகவும் கொடி ஏந்துபவராகவும் முரசடிப்பவராகவும் முன்னால் நிறுத்துங்கள். இமை வரைந்த முகங்களுக்கு அதுதான் இடம்.

கேள்வி: 28, 15, 6 மி.மீ. எதில் தொடங்கலாம்?

பதில்: எந்தச் சண்டையை ஆடப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கிராமத்தைச் சுற்றி இரு தரப்பிலும் நாற்பது பேர் மோதுகிறார்கள் என்றால் 28. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் முழுவதும் ஒரே மேஜையில் வேண்டும் என்றால் 6. அந்த அளவில் ஒரு பட்டாலியன் நீண்ட மெல்லிய வரிசையாக நிற்கும், பீரங்கிப் புகைக்கு அப்பால் தளபதி கண்ட காட்சி அதுதான். 6-இல் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மூன்று நிறத் தீற்றல்கள் போதும். 15 இரண்டுக்கும் நடுவே. எதை எடுத்தாலும் இரு தரப்புக்கும் அதையே எடுங்கள்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன பழைய ஈய வீரர்கள் ஒரு பெட்டி கிடைத்தது. சிலர்மேல் சாம்பல் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்து ஆடலாமா?

பதில்: முதலில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்த மாவு ஈயக் கார்பனேட், உடம்புக்குள் போனால் நஞ்சு. கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் மென்மையாக ஒற்றி எடுங்கள். உலர்ந்த பிரஷால் தட்டினால் தூசி மூச்சில் ஏறும். துணியை உறையில் கட்டித் தூர எறிந்து, கையை நன்றாகக் கழுவுங்கள். மாவு படிந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.

காரணம் பெரும்பாலும் பெட்டிதான். ஓக் மரம், புதிய எம்.டி.எஃப். பலகை, மலிவு அட்டை ஆகியவற்றிலிருந்து அசிட்டிக் அமில ஆவி மெதுவாகக் கசிகிறது. மூடிய பெட்டியில் அது ஈயத்தை அரிக்கும், ஈரப்பதம் இருந்தால் இன்னும் வேகமாக. அழகான ஓக் அலமாரியில் பூட்டிப் பாதுகாத்த சேகரிப்புகளே இப்படிப் பொடிந்துபோவது மிகவும் வருத்தமான விஷயம். கண்ணாடியும் உலோகமும் கொண்ட, கொஞ்சம் காற்றோட்டமுள்ள அலமாரிக்கு மாற்றுங்கள்.

புதுப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். பிரிட்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளே கூடான ஈய வீரர்களை வார்த்து விற்றது, பெரும்பாலும் 54 மி.மீ. உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டதாக இருந்தால், தேய்ந்து உதிர்ந்த பழைய பெயின்ட்டில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. சேகரிப்பவர்கள் தேடுவது தொழிற்சாலையில் ஒரு கை தீட்டிய அந்த மீசையை. அவர்களை அப்படியே காட்சிக்கு வையுங்கள். ஆட்டத்துக்குப் புதியவர்களை வாங்குங்கள், இன்றைய உலோக வார்ப்புகளில் பெரும்பாலும் வெள்ளீயமே அதிகம்.

கேள்வி: சீருடையில் ஒரு நிறம் தவறினாலும் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். எவ்வளவு துல்லியம் தேவை?

பதில்: படையை அடையாளம் காட்டுகிற நிறங்கள் சரியாக இருக்கவேண்டும். பிரிட்டிஷ் ரெஜிமென்ட் என்றால் சிவப்புக் கோட்டின் கழுத்துப்பட்டையிலும் கை மடிப்பிலும் உள்ள நிறம்தான் அதன் முகவரி, அதைத் தேடிப் பார்த்துவிட்டு அடியுங்கள். மற்றபடி, விதிமுறை வேறு, போர்க்களம் வேறு. மாதக்கணக்கில் நடந்த படை கிடைத்த துணியில் கால்சட்டை தைத்துக்கொண்டது, தொப்பிக்கு உறை போட்டது. ஆணையே மாறியதும் உண்டு. கடல் முற்றுகையால் நீல நிறம் தரும் அவுரிச் சாயம் கிடைப்பது அரிதாகி, 1806-இல் நெப்போலியன் தன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு என்று உத்தரவிட்டார். சில ரெஜிமென்ட்டுகள் அணிந்தன, 1807-இல் அது கைவிடப்பட்டது. அந்த வருடத்துப் படையில் நீலத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டாலியனை நிறுத்தினால் அது தவறாகாது. வரலாற்றைப் படித்தவர் அடித்தது என்று தெரியும்.

கேள்வி: ரோமானியர்கள் எல்லோரும் சிவப்புதானா?

பதில்: உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சிவப்பு என்பவர்களும் உண்டு, சாயமிடாத வெள்ளை என்பவர்களும் உண்டு. ரோமில் கி.பி. 113-இல் திறக்கப்பட்ட, பேரரசர் டிரேஜனின் வெற்றித் தூணின் சிற்பங்கள் உடையின் வடிவத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. கேடயத்துக்கு மட்டும் ஓர் அருமையான சாட்சி இருக்கிறது: சிரியாவின் துரா யூரோபோஸில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம், இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவப்புத் தளத்தில் கழுகு, சிறகுள்ள வெற்றி தேவதைகள், சிங்கம். ஒரு படைத்தலைவனின் கேடயத்திலாவது அதை முயன்று பாருங்கள்.

கேள்வி: பெயின்ட் முடியாத படையோடு ஆடலாமா?

பதில்: ஆடலாம். முடிந்த அணியை நடுவில் நிறுத்துங்கள். அடுத்த ஆட்டத்துக்குள் அதன் பக்கத்தில் இருப்பவர்களை முடித்துவிடுங்கள்.