கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ் ப்ராஜெக்ட்: வேலைக்கு உதவுமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு. டி.என்.ஏ. அப்டமரும் (குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் குட்டையான டி.என்.ஏ. இழை) புரதமும் பிணைவதைக் கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸில் (மெல்லிய குழாயில் மின்சாரத்தால் மூலக்கூறுகளைப் பிரிக்கும் முறை) அளக்கும் ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். இதனால் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு, கருவியை அவரே ஓட்டினால். முதலில் கைடிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். வேறொருவர் ஓட்டித் தரும் கிராஃபை வாங்கி தீசிஸில் ஒட்டினால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கருவி எளியதுதான். 50 அல்லது 75 மைக்ரான் உள்விட்டமுள்ள சிலிக்கா குழாய், இரு முனையிலும் பஃபர் (பி.எச். என்ற அமிலத்தன்மை அளவை நிலையாக வைக்கும் கரைசல்), 20 முதல் 30 கிலோவோல்ட் மின்னழுத்தம். தனி டி.என்.ஏ. ஒரு வேகத்தில் நகரும், புரதம் பிணைந்தது வேறு வேகத்தில். டி.என்.ஏ. அளவை அப்படியே வைத்துப் புரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தனி டி.என்.ஏ.வின் பீக் (கிராஃபில் தெரியும் மேடு) சிறுக்கும். அதிலிருந்து பிணைப்பின் பலத்தைக் காட்டும் கேடி (Kd) மதிப்பைக் கணக்கிடலாம்.

சறுக்குவது இங்கேதான். கேடி நானோமோலார் அளவில் இருக்கும்போது, யு.வி. டிடெக்டரில் தெரியட்டும் என்று மைக்ரோமோலார் கணக்கில் (ஆயிரம் மடங்கு அதிகமாக) டி.என்.ஏ. போட்டால், ஒன்றுக்கு எத்தனை பிணைகிறது என்ற விகிதம்தான் கிடைக்கும், கேடி கிடைக்காது. கேடி கிடைக்க ஃப்ளோரசின் என்ற ஒளிரும் சாயம் சேர்த்த டி.என்.ஏ.வும் 488 நானோமீட்டர் லேசர் டிடெக்டரும் வேண்டும். லேப்பில் லேசர் இல்லையென்றால் தலைப்பை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்த தலைவலி குழாயின் சுவர். சிலிக்கா நெகட்டிவ் சார்ஜ் உள்ளது. பாசிட்டிவ் புரதங்கள் அதில் ஒட்டிக்கொண்டு பீக்குக்கு வால் முளைக்கும். பார்த்தால் பலவீனமான பிணைப்பு போலவே இருக்கும்! புரதத்தை மட்டும் தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் வால் இருந்தால் சுவர்தான் காரணம், பாலிவினைல் ஆல்கஹால் பூசிய குழாய்க்கு மாறலாம். அப்டமரின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளைக் கலைத்துப்போட்ட டி.என்.ஏ. வரிசையையும் கட்டாயம் ஓட்ட வேண்டும். அதுவும் பிணைந்தால், அளந்தது அப்டமரின் தனித்தன்மை அல்ல.

கரண்ட் திடீரென்று பூஜ்யமானால் காற்றுக்குமிழி, அல்லது டிடெக்டருக்காகக் குழாயின் வெளிப்பூச்சை எரித்து நீக்கிய இடத்தில் குழாய் ஒடிந்திருக்கும். ஓட ஓடப் பீக் வரும் நேரம் நழுவினால் பஃபரை மாற்றிப் பாருங்கள். மின்னாற்பகுப்பால் அதன் பி.எச். மாறியிருக்கலாம்.

வேலை என்று பார்த்தால், பெங்களூரு, ஹைதராபாத் பயோஃபார்மா நிறுவனங்களில் ஆன்டிபாடி தூய்மையைச் சோதிக்க இதே வகைக் கருவி பயன்படுகிறது. ஆனால் ஃபார்மா லேப்களில் எச்.பி.எல்.சி. (திரவத்தை அழுத்தத்தில் செலுத்திப் பொருள்களைப் பிரிக்கும் முறை) தான் அன்றாட வேலை; அதையும் சேர்த்துக் கற்கட்டும். தடயவியல் டி.என்.ஏ. சோதனையும் கேப்பிலரியில்தான் நடக்கிறது, அரசு லேப்புக்கு மட்டும் தேர்வு எழுத வேண்டும். பிஎச்.டி. ஆசை இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் (GATE) தகுதித் தேர்வுகள் இரண்டுக்கும் இப்போதே படிக்கத் தொடங்கட்டும்.

ரெஸ்யூமேயில் ‘கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ் தெரியும்’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். எந்த அப்டமர், எந்த பஃபர், கேடி எவ்வளவு, ஒரே சாம்பிளை மூன்று முறை ஓட்டியதில் பீக் வரும் நேரம் எத்தனை சதவீதம் மாறியது என்று எழுதச் சொல்லுங்கள்.